எல்லோருக்கும் ஒரே ஞாயிறு

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் முதுகலைப் பொறியியல் படிக்கிறேன். இரண்டாம் பருவம். சொந்த ஊர் கோவில்பட்டி. அப்பா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்.

திங்களும் செவ்வாயும் மாலை வரை வகுப்பு. புதன்கிழமை ஆய்வகம். அன்று இரவு பார்சல் கிடங்கில் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலை, அறைக்குத் திரும்ப விடிகாலை நான்கு மணி ஆகிவிடும். வியாழன் மதியம் வரை தூக்கம், மாலையில் ஜெர்மன் மொழி வகுப்பு. வெள்ளி இரவு மறுபடியும் கிடங்கு. சனிக்கிழமை தூங்கியே போய்விடுகிறது. ஞாயிறுதான் தாங்க முடியவில்லை. ஒரு கடை கிடையாது. போன ஞாயிறு அறையில் அரிசியும் ஊறுகாயும் தவிர ஒன்றும் இல்லை. காலி பாட்டில்களையாவது போட்டுவிட்டு வரலாம் என்று தெருமுனையில் கண்ணாடி பாட்டில்களைப் போடும் தொட்டிக்குப் போனால், ஒரு கிழவி சன்னலைத் திறந்து சத்தம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பாட்டில் போடக் கூடாதாம்! எங்கள் கடை வருடத்தில் பொங்கலன்று மட்டும்தான் அடைத்திருக்கும். அப்பாவின் உழைப்பைப் பார்த்து வளர்ந்த எனக்கு இவர்களுடைய சோம்பேறித்தனம் எரிச்சலூட்டுகிறது. வெளியே போய் ஒரு காப்பி குடித்தால் முன்னூறு ரூபாய். விடுதியில் என் தளத்தில் இன்னும் மூன்று இந்திய மாணவர்கள் இருக்கிறார்கள், எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு இருப்போம். வீட்டில் நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறேன். படிப்பு முடிந்ததும் இங்கேயே இருப்பதா, ஊர் திரும்புவதா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

எங்கள் தெருவில் உள்ள கடையில் ‘365 நாட்களும் திறந்திருக்கும்’ என்று புதிதாகப் பலகை மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

சிறிய விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். யூரோவை ரூபாயாகப் பெருக்கிப் பார்ப்பதை இன்றோடு விடுங்கள். ஆண்டுக்கு 11,904 யூரோ வங்கிக் கணக்கில் காட்டித்தான் அங்கே விசா தருகிறார்கள், மாதத்துக்கு 992. அந்தப் பணத்துக்குள் வாழ்வதற்கு யூரோவில்தான் கணக்குப் போட வேண்டும். உடன் படிப்பவர்கள் கூப்பிட்டால் போய் அந்தக் காப்பியைக் குடியுங்கள். வீட்டில் நன்றாக இருப்பதாகச் சொல்வதில் தவறில்லை. தங்குவதா திரும்புவதா என்ற கேள்விக்கு இப்போது என்ன அவசரம்? பட்டம் வாங்கியபின் வேலை தேட 18 மாதம் வரை அனுமதி தருகிறார்கள். அப்போது யோசிக்கலாம்.

ஆனால் ‘சோம்பேறித்தனம்’ என்று எழுதினீர்களே, அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. நீங்கள் இருக்கும் ஜெர்மன் மாநிலத்தில் சனிக்கிழமை இரவு எட்டு மணி வரை கடை திறந்திருக்க அனுமதி உண்டு. அதுவரை படுத்துக் கிடந்தது நீங்கள். மறுநாள் பட்டினி கிடந்த கோபத்தில் ஒரு நாட்டையே சோம்பேறி என்கிறீர்கள். இது அநியாயமான பேச்சு. பாட்டில் உடையும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். தொட்டியின் மேலேயே எந்த நாளில் எந்த நேரத்தில் போடலாம் என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அந்தப் பாட்டி சொன்னது அதைத்தான். மொழி வகுப்புக்குப் போகிறவர் அதைப் படித்திருக்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை கடையடைப்பு அந்த ஊர்க்காரர்களுக்குத் தானாகக் கிடைத்ததல்ல. ஞாயிறு ஓய்வுக்குரிய நாள், அதைச் சட்டம் காக்க வேண்டும் என்று ஜெர்மனி குடியரசானபின் 1919இல் இயற்றிய வைமார் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். 1949இல் புதிய அரசியல் சட்டம் வந்தபோது அந்தப் பிரிவை அப்படியே எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். பிற்பாடு பெர்லின் மாநிலம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்க அனுமதித்தது. தேவாலயங்கள் வழக்குப் போட்டன. 2009 டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வியாபாரியின் லாபமும் வாங்குகிறவரின் அன்றாட ஆசையும் ஞாயிற்றைப் பறிப்பதற்குப் போதிய காரணங்கள் ஆகா. பெரிய கடைகளின் பண பலத்துக்கு எதிரே நின்று ஒரு நீதிமன்றம் இப்படிச் சொன்னதை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். அங்கும் செவிலியர்கள், பஸ் ஓட்டுநர்கள், உணவகக்காரர்கள் ஞாயிறு வேலை செய்கிறார்கள்தான். அரிசியும் சட்டையும் ஒரு நாள் காத்திருக்கட்டும் என்பதுதான் அவர்கள் முடிவு.

என் அக்கா மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தாள். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை. உட்காரக் கூடாது. ஆள் இல்லாத நேரத்தில்கூட மேஜையில் சாய்ந்தால் மேற்பார்வையாளர் வந்துவிடுவார். வலது காலில் சற்று நேரம், இடது காலில் சற்று நேரம் என்று உடம்பை மாற்றி மாற்றி நிற்பாள். எங்கள் வீட்டுக்கு வந்ததும் அம்மா அலுமினியச் சட்டியில் வெந்நீர் ஊற்றிக் கல்லுப்புப் போட்டு வைப்பார். செருப்பு வார் பதிந்த தடம் வீங்கிய பாதத்தில் பள்ளமாக இருக்கும், வெந்நீரில் வைத்த பிறகும் நெடுநேரம் மறையாது. வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக இருபது சேலை பிரித்துப் போட்டு, அவர் ஒன்றும் வாங்காமல் போனபின் இருபதையும் மடித்து வைத்தது பற்றி அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. நிற்பதைப் பற்றி மட்டும்தான் சொல்வாள்.

விடுமுறை இல்லாமல் இல்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறை. செவ்வாய் அன்று பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான், மாமா பட்டறையில் இருப்பார். அக்கா ஆளில்லாத வீட்டில் துணி துவைத்துக்கொண்டு இருப்பாள். ஞாயிறு பையன் வீட்டில், அக்கா கடையில். அவன் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் வளர்ந்தான். அம்மாவோடு பகலில் இருந்த நாட்கள் எவை என்று கேட்டால் அவனுக்குத் தீபாவளியும் பொங்கலும்தான் நினைவுக்கு வரும். தீபாவளிக்கும் முந்தைய நள்ளிரவுவரை அவள் கடையில்தான் இருந்திருப்பாள்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை எல்லா நாளும் இருபத்துநான்கு மணி நேரமும் திறக்கத் தமிழ்நாடு அரசு 2019இல் அனுமதித்தபோது, ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு நாள் சுழற்சி முறையில் விடுமுறை தர வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. பிறகென்ன குறை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். குறை அந்தச் சுழற்சியில்தான் இருக்கிறது. தனியாகக் கிடைக்கிற ஓய்வில் உடம்பு தேறும், உறவு தேறாது. ஊர்த் தேரை எல்லோரும் ஒரே நேரத்தில் வடம் பிடித்தால்தான் அது நகரும். கணவனும் மனைவியும் பிள்ளையும் ஒரே பகலில் வீட்டில் இருப்பதற்கு ஒரு பொது நாள் வேண்டும். பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே போராடி 1890இல் ஞாயிறு விடுமுறையைப் பெற்றுத் தந்தார். தொழிலாளர்கள் எல்லோருக்கும் ஒரே நாளைத்தான் அவர் கேட்டார். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற சட்டமே நமக்கு 2021இல்தான் வந்தது, கேரளத்துக்குப் பிறகு. அக்காவின் கால் நரம்புகள் சுருண்டு பல வருடங்கள் ஆன பிறகு.

உங்கள் அப்பாவிடம் வருகிறேன். அவருடைய உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. உங்களை ஜெர்மனிக்கு அனுப்பியது அந்தக் கடைதான். ஆனால் வருடத்தில் ஒரே ஒரு நாள் அடைக்கும் கடை என்று பெருமையாக எழுதுகிறீர்களே, அவர் உங்களோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டது எத்தனை முறை? உங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்திருக்கிறாரா? அவர் வராததற்கு அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பக்கத்துக் கடை திறந்திருக்கும்போது தன் கடையை அடைக்க எந்தச் சிறு வியாபாரிக்கும் துணிவு வராது. எல்லோரும் அடைத்தால்தான் ஒருவர் அடைக்க முடியும். அதற்குத்தான் சட்டம் வேண்டும் என்கிறேன்.

தனிமை கொடியது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவெல்லாம் பெட்டி சுமந்துவிட்டு, காலையில் பேச ஆளில்லாத அறையில் கண் விழிக்கிற பிள்ளையை நினைத்தால் மனம் கலங்குகிறது. ஆனால் அந்தத் தளத்தில் நான்கு பேர் இருக்கிறீர்கள். நான்கு பேருக்கும் ஞாயிறு வகுப்பில்லை. நான்கு பேரும் ஒரே நேரத்தில் சும்மா இருக்கிற ஒரு நாளை, உங்கள் அப்பாவுக்கு வருடத்தில் ஒருமுறை கிடைத்த நாளை, வாரம் தவறாமல் உங்களுக்கு ஒரு நாடு தருகிறது. அதைக் கதவைச் சாத்திக்கொண்டு வீணாக்குகிறீர்கள். இந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கே எழுந்து கடைக்குப் போங்கள். நான்கு பேருக்கும் சேர்த்துப் பருப்பும் காய்கறியும் வாங்குங்கள். மறுநாள் மற்ற மூன்று கதவுகளையும் நீங்களே தட்டுங்கள். சாப்பிட்டபின் எல்பே ஆற்றங்கரைக்கு நடந்து போங்கள், ஊரே அங்கே நடந்துகொண்டிருக்கும்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகும்படி அப்பாவிடம் கேளுங்கள். அப்போது உங்களுக்குக் காலை ஒன்பதரை, கோடையில் பத்தரை. அம்மாவும் அப்பாவும் சேர்ந்திருக்கும்போது பேசலாம். பக்கத்துக் கடைக்காரர் திறந்து வைத்திருப்பாரே என்று அவர் மறுப்பார். அந்தக் கடைக்காரரிடமும் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்