ஏகாம்பரநாதர் கோயிலில் அம்பாள் சன்னிதியைத் தவறவிட்டுவிட்டோமா?

அம்மாவின் வேண்டுதலுக்காகக் காஞ்சிபுரம் போனபோது ஏகாம்பரநாதர் கோயிலில் அம்பாள் சன்னிதியைக் காணவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எதையும் தவறவிடவில்லை. ஏகாம்பரநாதர் கோயிலில் அம்பாளுக்கென்று தனி மூலஸ்தானம் கிடையாது. காஞ்சிபுரத்துச் சிவன் கோயில்கள் எல்லாவற்றுக்கும் காமாட்சி ஒருத்தியே அம்பாள் என்பது ஊர் மரபு. அதனால் அம்மாவின் வேண்டுதல் அரைகுறையாக நின்றது என்று கவலைப்பட வேண்டாம். காமாட்சியைப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும். அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

காமாட்சி கோயிலுக்குப் போனபோது கதவு சாத்தியிருந்தது என்கிறீர்களே, அனேகமாக உச்சிப் பொழுதில் போயிருப்பீர்கள். மதியம் நடை சாத்தினால் மாலை நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். அடுத்த முறை காமாட்சியை முதலில் காலையிலேயே பார்த்துவிட்டு மற்ற கோயில்களுக்குப் போங்கள்.

உள்ளே போனதும் அவசரப்படாதீர்கள். காமாட்சி பத்மாசனத்தில் அமர்ந்த கோலம். கையில் கரும்பு வில், மலர்க்கணை, பாசம், அங்குசம். எதிரே அம்பாளின் யந்திரமான ஸ்ரீசக்கரம் இருக்கும், ஆதிசங்கரர் நிறுவியது என்பார்கள். குங்கும அர்ச்சனை அதற்குத்தான். பலரும் அதைக் கவனிக்காமலே நகர்ந்துவிடுகிறார்கள். திருக்கள்வனூர் பெருமாளும் இதே கோயிலுக்குள் இருக்கிறார். ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசத்தில் ஒன்று, சின்ன இடம், கேட்டால்தான் காட்டுவார்கள்.

ஒன்று மட்டும்: வெள்ளிக்கிழமை, பௌர்ணமி, நவராத்திரி நாட்களில் வரிசை நீளும். அம்மாவுக்கு மூட்டுவலி என்று எழுதியிருக்கிறீர்கள், சாதாரணக் கிழமையாகப் பார்த்துப் போங்கள். பங்காரு காமாட்சி என்னும் தங்கக் காமாட்சியைத் தேடிக் காஞ்சியில் அலைய வேண்டாம், அவள் இருப்பது தஞ்சாவூரில்.