எதிர்வீட்டுக் கேமராவும் நம் கிணற்றடியும்

கேள்வி: தோட்டத்து மோட்டார் ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போன பிறகு, எங்கள் எதிர்வீட்டுக்காரர் மாடியில் கேமரா பொருத்தினார். அதில் எங்கள் கிணற்றடியும், கூரையில்லாத குளியல் தடுப்பும் தெரிவதாக அவர் வீட்டுப் பையனே சொல்கிறான். அண்ணா என்று அழைத்துப் பழகியவரிடம் இதை எப்படிப் பேசுவது? சட்டத்தில் வழி உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொழிஞ்சாம்பாறை, கேரளம்.

பதில்: தம் வாசலையும் தோட்டத்தையும் காக்க அவர் கேமரா வைப்பதில் தவறில்லை, அது உங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுதான் தவறு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது என்றாலும், அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசுக்கு எதிராகவே எழுப்பப்படுபவை. உங்களுக்கு நெருக்கமாகப் பொருந்துவது, சேராநல்லூர் ஊராட்சி தொடர்பான வழக்கில் 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது: பாதுகாப்பு என்ற பெயரில் அண்டை வீட்டாரை வேவு பார்க்க விட முடியாது என்றும், இதற்கு அரசு வழிகாட்டு நெறிமுறைகள் வகுக்க வேண்டியிருக்கும் என்றும் அது கருதியது.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி யாராவது நம்பிக்கை ஊட்டினால், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தனிமனிதர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. குளியல் தடுப்பின் கதை வேறு. பிறர் பார்க்க மாட்டார்கள் என்று நம்பும் இடத்தில் குளிக்கும் பெண்ணைப் பதிவு செய்வது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின் கீழ் வரக்கூடும். முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. அண்ணாவின் மனத்தில் கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் பதிவு அவர் வீட்டு டிவிஆரில் (கேமராப் படங்களைச் சேமிக்கும் பெட்டியில்) கிடக்கிறது என்பதை அவர் உணர வேண்டும்.

எனவே முதலில் அவர் மனைவியிடம் பேசுங்கள். பெண்ணுக்கு இது ஒரு நொடியில் புரியும். படம் திரையில் எப்படித் தெரிகிறது என்று அவர் எதிரிலேயே பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் பாருங்கள், ஏனெனில் அகச்சிவப்பு ஒளியில் இருட்டிலும் உருவம் தெரியும். கேமராவைச் சற்றே கீழ்நோக்கித் திருப்பினால் போதுமா என்று பாருங்கள். போதாவிட்டால், பெரும்பாலான கேமராக்களில் உள்ள பிரைவசி மாஸ்க் வசதியால் உங்கள் முற்றம் விழும் பகுதியைக் கறுப்புக் கட்டமாக மறைத்துவிடலாம். மைக் இருந்தால் அணைக்கவும், பழைய பதிவை அழிக்கவும் சொல்லுங்கள். இத்தனைக்கும் இணங்காவிட்டால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம், முன்சீப் நீதிமன்றத்தில் தடையாணை கோரலாம். மலையாளம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம்: மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது.

கேள்வி: எங்கள் தெருச் சங்கம் வைத்த கேமராவை உறுப்பினர் எல்லோரும் கைபேசியில் பார்க்கிறார்கள். யார் வீட்டுக்கு யார் வந்தார் என்பது மறுநாள் டீக்கடையில் பேச்சாகிறது. இது முறையா?
– ஒரு வாசகர், செங்கோட்டை.

பதில்: முறையல்ல. சங்கம் தனிமனிதர் அல்ல என்பதால் மேலே சொன்ன வீட்டுத் தேவை விலக்கு அதற்குக் கிடைக்காது. அந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும் என்றாலும், அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு பொறுப்பாளர்களைத் தவிர மற்றவர்களின் கைபேசி இணைப்பைத் துண்டியுங்கள், திருட்டோ விபத்தோ நடந்தால் மட்டும் அந்த நேரத்துப் பதிவை எடுத்துக் காவல்துறையிடம் மட்டும் கொடுப்பது என்று கூட்டத்தில் தீர்மானம் எழுதுங்கள், கேமரா இருக்கிறது என்ற பலகையைத் தெருமுனையில் மாட்டுங்கள். கேமரா பொருத்த வந்த ஆள் போட்டுவிட்டுப் போன பாஸ்வேர்டு இன்னும் அப்படியே இருந்தால், இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.