ஐந்தாவது குருவியின் விலை: கிறிஸ்தவ விசுவாசமும் விலங்குகளும் பற்றிய கேள்வி பதில்

விலங்குகளை நடத்தும் முறை குறித்துக் கிறிஸ்தவ விசுவாசம் என்ன சொல்கிறது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பல ஆண்டுகள் பழைய ஏற்பாட்டைக் கற்பித்தவன் என்பதால் எதற்கும் வசனத்தைத் தேடித்தான் என் கை போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஆதியாகமம் 1:28இல் சகல ஜீவஜந்துக்களையும் "ஆண்டுகொள்ளுங்கள்" என்று தேவன் மனிதனுக்குச் சொல்கிறார். மிருகங்களை நம் விருப்பம்போல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதுதானே இதன் பொருள்?

பதில்: அந்த வசனத்தோடு வேதாகமத்தை மூடிவிட்டால் அப்படித்தான் தோன்றும். அடுத்த இரண்டு வசனங்களையும் வாசியுங்கள். மனிதனுக்கும் மிருகங்களுக்கும் அங்கே உணவாகக் கொடுக்கப்படுபவை பூண்டுகளும் கனிகளும் மட்டுமே. ஆளும் அதிகாரம் தரப்பட்ட இடத்தில் கொன்று தின்னும் அனுமதி தரப்படவில்லை என்பதால், "ஆளுதல்" என்ற சொல்லுக்குள் கொல்லும் உரிமை தானாகவே அடங்கியிருக்கிறது என்று வாதிட முடியாது.

எபிரெயத்தில் அங்கே வருகிற "ராதாஹ்" என்ற வினைச்சொல் கடுமையானதுதான். அதை மென்மையாக்கிக் காட்ட நான் விரும்பவில்லை. ஆனால் அதே சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று பார்க்க வேண்டும். சங்கீதம் 72இல் ஒரு சமுத்திரம் தொடங்கி மறு சமுத்திரம் வரைக்கும் ஆளுகிற அரசன், கூப்பிடுகிற எளியவனை விடுவிக்கிறவனாக இருக்கிறான். எசேக்கியேல் 34இலோ, நோய்கொண்ட ஆட்டைக் குணப்படுத்தாமல், காணாமற்போனதைத் தேடாமல், கொழுத்ததை மட்டும் அடித்துத் தின்ற மேய்ப்பர்களைப் பார்த்து, பலாத்காரமும் கடூரமுமாய் ஆண்டீர்கள் என்று தேவன் குற்றஞ்சாட்டும்போது வருவதும் இதே வினைச்சொல்தான். ஆக, ஆளுகிறவன் கணக்குக் கொடுக்க வேண்டியவன். மந்தை யாருடையது என்பதைச் சங்கீதம் 50 சொல்லிவிடுகிறது: காட்டு ஜீவன்கள் எல்லாம் "என்னுடையவைகள்" என்கிறார் கர்த்தர்.

கேள்வி: அப்படியானால் இறைச்சி உண்பது பாவமா? எங்கள் வீட்டில் இதைப் பற்றி வாக்குவாதமே நடக்கிறது.

பதில்: பாவம் என்று என்னால் சொல்ல முடியாது. வெள்ளத்துக்குப் பிறகு ஆதியாகமம் 9:3இல் அனுமதி தெளிவாகக் கொடுக்கப்படுகிறது. உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்களின் கண்முன்பாகப் பொரித்த மீனைப் புசித்தார் என்று லூக்கா எழுதுகிறார். ஆனால் அந்த அனுமதி எப்படி வருகிறது என்று கவனியுங்கள். மறுவசனத்திலேயே இரத்தத்தைப் புசிக்கக்கூடாது என்ற தடை வருகிறது, ஏனெனில் உயிர் தேவனுக்குரியது. சில வசனங்கள் தள்ளி, நோவாவோடு மட்டுமல்லாமல் பேழையிலிருந்து புறப்பட்ட சகல ஜீவஜந்துக்களோடும் தேவன் உடன்படிக்கை செய்கிறார். நாம் உண்ணும் பிராணியும் அந்த உடன்படிக்கையில் ஒரு தரப்பாக நிற்கிறது என்பதைப் பலரும் கவனிக்காமலே வாசித்துவிடுகிறோம்.

மரக்கறி உண்பவரை "விசுவாசத்தில் பலவீனர்" என்று கேலி செய்யும் கிறிஸ்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரோமர் 14 அந்தக் கேலியைத்தான் தடைசெய்கிறது. நான்கு கால் பிராணிகளின் இறைச்சியை நோயாளிகளைத் தவிர மற்றவர்கள் தவிர்க்க வேண்டும் என்பது 6ஆம் நூற்றாண்டிலேயே புனித பெனடிக்ட் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கு. கிழக்கு மரபுவழித் திருச்சபைகள் இன்றும் புதன், வெள்ளி நாட்களிலும் நீண்ட நோன்புக் காலங்களிலும் இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றை விலக்குகின்றன. அந்த நோன்புகள் பெரும்பாலும் தன்னடக்கத்துக்காக ஏற்பட்டவையே தவிர, விலங்குகளுக்காக அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்ற கட்டளையை மேற்கோள் காட்டிவிட்டு, "தேவன் மாடுகளுக்காகவே கவலையாயிருக்கிறாரோ?" என்று பவுல் கேட்கிறார். கவலைப்படவில்லை என்பதுதானே அந்தக் கேள்வியின் தொனி?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1 கொரிந்தியர் 9இல் பவுலின் பேச்சு, சுவிசேஷ ஊழியர்கள் தங்கள் உழைப்பால் பிழைக்கலாமா என்பதைப் பற்றியது. மாட்டுக்கே இந்த நியாயம் உண்டென்றால் மனிதனுக்கு எவ்வளவு அதிகம் என்று சிறியதிலிருந்து பெரியதற்கு ஏறுகிற யூத ரபீக்களின் வாதமுறை அது. மாட்டுக்கான நியாயத்தை அழித்துவிட்டால் ஏறுவதற்குப் படியே இருக்காது. பவுல் அந்த இடத்தில் சற்று வேகமாகப் பேசிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அவர் மோசேயின் கட்டளையை ரத்து செய்யவில்லை.

உபாகமம் 25:4இன் காட்சியை மனதில் கொண்டுவாருங்கள். களத்தில் கதிர்கள் பரப்பப்பட்டிருக்கின்றன. மாடு வெயிலில் சுற்றிச் சுற்றி மிதிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூக்குக்குக் கீழே தானியத்தின் வாசனை. வாயைக் கட்டினால் உரிமையாளனுக்குச் சில பிடி தானியம் மிச்சமாகும். அந்தச் சில பிடியை மாட்டுக்கு விட்டுவிடச் சொல்கிறது கட்டளை, ஏனெனில் பசியோடு உணவின்மேல் நடப்பது மாட்டுக்கு எப்படி இருக்கும் என்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஓய்வுநாளில் எருதும் கழுதையும் இளைப்பாற வேண்டும் என்று யாத்திராகமம் 23:12 சொல்கிறது. பகைவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் கைகொடுக்காமல் போகக்கூடாது என்று அதே அதிகாரம் சொல்கிறது. இதில் எனக்குப் பிடித்தது, பகை மனிதனோடுதான், கழுதையோடு அல்ல என்ற தெளிவு. வலிமையில் ஒப்பில்லாத மாட்டையும் கழுதையையும் ஒரே ஏரில் பூட்டக்கூடாது. பலியிடும்போதுகூடத் தாயையும் குட்டியையும் ஒரே நாளில் கொல்லக்கூடாது என்கிறது லேவியராகமம் 22:28.

கேள்வி: இயேசுவே 2000 பன்றிகளைக் கடலில் மூழ்கவிட்டாரே?

பதில்: மாற்கு 5ஆம் அதிகாரம். விலங்குகளைக் கொல்லாமல் விலகியிருப்பது மூடநம்பிக்கை என்று மானிக்கேயர் என்ற சமயக் குழுவினரை எதிர்த்து வாதிட, பழங்காலத் திருச்சபையின் ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தீன் இந்தச் சம்பவத்தைத்தான் எடுத்துக்காட்டினார். அதன் நிழல் மேற்கத்திய இறையியலின்மேல் நெடுங்காலம் விழுந்து கிடந்தது. பன்றிகளுக்குள் போகக் கேட்டவை, இயேசு ஒரு மனிதனிடமிருந்து துரத்திய பிசாசுகள், பன்றிகளை அழித்தவையும் பிசாசுகளே. அனுமதி மட்டுமே இயேசுவுடையது. இந்த விளக்கம் எனக்கே முழு நிறைவைத் தரவில்லை. ஆயினும் ஒருமுறை நடந்த பேயோட்டும் நிகழ்வை நம் அன்றாட நடத்தைக்கு விதியாக்க முடியாது. இயேசு சபித்த அத்திமரம் பட்டுப்போனதை வைத்து யாரும் மரங்களை வெட்டும் கொள்கை வகுப்பதில்லை.

கேள்வி: எங்களோடு 14 ஆண்டுகள் இருந்த நாய் சென்ற மாதம் இறந்துவிட்டது. "மிருகத்துக்கு ஆத்துமா கிடையாது, அதற்குப் போய் அழலாமா" என்று போதகர் சொன்னார். அழுதது தவறா ஐயா?

பதில்: தவறில்லை அம்மா. தாவீதின் பாவத்தை உணர்த்த நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன கதையை நினைத்துப் பாருங்கள். ஏழை ஒருவனிடம் ஒரே ஓர் ஆட்டுக்குட்டி இருந்தது. அது அவன் வாயின் அப்பத்தைத் தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்து, மகளைப்போல் இருந்தது. ஐசுவரியவான் அதைப் பிடித்துச் சமைத்தான் என்று கேட்டதும் தாவீதுக்குக் கோபம் மூண்டது. "அது வெறும் ஆடுதானே" என்று அரசன் சொல்லவில்லை. அந்தப் பாசத்தை எல்லோரும் புரிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கதையே நிற்கிறது.

ஆத்துமாவைப் பற்றி உங்கள் போதகர் சொன்னதற்கு நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆதியாகமம் 2:7இல் மனிதன் "ஜீவாத்துமாவானான்" என்று வாசிக்கிறோம். 1:24இல் மிருகங்களை "ஜீவஜந்துக்கள்" என்று வாசிக்கிறோம். எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் இருப்பது "நெஃபெஷ் ஹய்யா" என்ற ஒரே தொடர். மனிதனைப் பிரித்துக் காட்டுவது தேவசாயல்தான். இறந்தபின் மிருகத்தின் ஆவி எங்கே போகிறது என்பதைப் பிரசங்கி 3:21 "அறிகிறவன் யார்" என்ற கேள்வியோடு விட்டுவிடுகிறது. ஞானி அறியாததைப் போதகர் அறிந்ததுபோல் பேச வேண்டியதில்லை.

சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்து விடுதலைக்குக் காத்திருக்கிறது என்ற ரோமர் 8ஐ ஆதாரமாகக் கொண்டு, மிருகங்களும் மறுவாழ்வில் புதுப்பிக்கப்படும் என்று மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1781இல் எழுதிய ஒரு பிரசங்கத்தில் வாதிட்டார். சிருஷ்டியைப் பற்றிய அந்த நம்பிக்கையை நான் உறுதியாகப் பற்றிக்கொள்கிறேன். உங்கள் நாய் அங்கே உங்களை எதிர்கொண்டு ஓடிவருமா என்பதற்கு வசனத்தைத் தாண்டி வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை, ஆனால் அப்படி நம்புகிறவரை நான் திருத்தப் போவதில்லை.

கேள்வி: மிருகத்தை வதைப்பவன் நாளை மனிதனையும் வதைப்பான், அதனால்தான் அது தவறு என்று மறைக்கல்வியில் கற்றேன். இந்தக் காரணம் போதுமா?

பதில்: போதாது. அது புனித தோமா அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் சொன்ன காரணம். மிருகத்தின்மேல் காட்டும் கொடுமை மனிதர்மேல் காட்டும் கொடுமைக்குப் பழக்கிவிடும் என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் இந்த வாதத்தில் அடிபட்ட மிருகத்தைத் தவிர எல்லோரும் முக்கியமானவர்களாக இருக்கிறார்கள். எண்ணாகமம் 22இல் நடப்பது வேறு. பட்டயம் இருந்தால் உன்னைக் கொன்றுபோடுவேன் என்று பிலேயாம், தான் ஏறிப்போகும்போது வழிவிலகிய கழுதையிடம் சொல்கிறான். உருவிய பட்டயத்தோடு கர்த்தருடைய தூதன் எதிரே நிற்பது கழுதைக்குத்தான் தெரிகிறது. அவன் கண்கள் திறந்ததும் தூதன் கேட்கிற முதல் கேள்வி, உன் கழுதையை ஏன் மூன்றுதரம் அடித்தாய் என்பதே. யோனாவின் புத்தகமும் தேவன் நினிவேயின் "அநேக மிருகஜீவன்களையும்" கணக்கில் எடுத்துக்கொள்வதோடுதான் முடிகிறது. அதே நினிவேக்கு 7ஆம் நூற்றாண்டில் சிறிது காலம் ஆயராக இருந்த ஈசாக்கு என்ற துறவி, பறவைகளுக்காகவும் மிருகங்களுக்காகவும் ஊர்வனவற்றுக்காகவும்கூடக் கண்ணீரோடு ஜெபிப்பதே இரக்கமுள்ள இருதயம் என்று எழுதினார்.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூலும் விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு எதிரானது என்று, பழைய பாதையிலேயே சொல்கிறது. ஆயினும் அவற்றுக்கு நாம் இரக்கம் காட்டக் கடமைப்பட்டவர்கள் என்றும் சொல்லியிருப்பது ஒரு நல்ல நகர்வு.

கேள்வி: பசியால் மனிதர்கள் சாகும்போது விலங்குகளைப் பற்றிக் கவலைப்படுவது ஆடம்பரம் அல்லவா?

பதில்: 1824இல் லண்டனில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கியவர் ஆர்தர் புரூம் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர், அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவர், அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். ஒரு பக்கம் இரங்குகிறவன் மறுபக்கம் வறண்டுவிடுவான் என்பதற்கு வரலாறு சாட்சி சொல்லவில்லை. சங்கத்தின் கடனுக்காகப் புரூம் சிறைக்கும் போனார்.

கேள்வி: நான் ஒப்பந்த முறையில் பிராய்லர் கோழி வளர்க்கிறேன். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறேன். இதை எழுதும்போதே உங்கள் பதிலுக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, தொழிலை விட்டுவிடு என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, உன் கடனை நான் கட்டப்போவதில்லை. ஆனால் நீதிமொழிகள் 12:10ஐ உன்னோடு சேர்ந்து வாசிக்க விரும்புகிறேன். "நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான்" என்பது தமிழ். எபிரெயத்திலோ நீதிமான் தன் மிருகத்தின் உயிரை "அறிகிறான்" என்றிருக்கிறது. பல்லாயிரம் குஞ்சுகள் உள்ள ஷெட்டில் ஒன்றை அறிவது எப்படி என்பதுதான் இன்றைய சிக்கல். ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தாண்டும்படி தேர்ந்து உருவாக்கப்பட்ட அந்த இனத்தில், உடல் வளரும் வேகத்துக்குக் கால்கள் ஈடுகொடுப்பதில்லை. எடை தாங்காமல் உட்கார்ந்தே இருக்கும் கோழியின் கணுக்காலிலும் பாதத்திலும் ஈரக்கூளத்தின் அம்மோனியா பட்டுக் கருத்த புண் ஏற்படுகிறது. அந்தப் புண்ணை உன்னைவிட நன்றாக நான் அறிந்திருக்க முடியாது.

ஆகவே உன் கையில் இருப்பதிலிருந்து தொடங்கு. கூளத்தைக் கிளறி உலர்வாக வை. எத்தனை குஞ்சுகள் இறக்குவது என்பதில் உனக்குச் சொல் இருந்தால் குறைத்துக் கேள். நடக்க முடியாததை நாளின் முடிவுவரை விட்டுவைக்காமல் விரைந்து வலியின்றி முடித்துவிடு. பிடித்து ஏற்றுகிறவர்கள் ஒற்றைக் காலில் கொத்தாகத் தூக்கினால் தடுத்து நிறுத்து. இவற்றால் முறை மாறிவிடாது என்பதும், அந்த முறையின் பாரம் மலிவான இறைச்சியைக் கேட்கும் எங்கள் எல்லோர்மேலும் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருவன்.

கேள்வி: ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்க ஏதாவது ஒரு வழி சொல்லுங்கள் ஐயா.

பதில்: கரும்பலகையில் ஒரு கணக்குப் போடுங்கள். மத்தேயு 10:29இல் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகள். லூக்கா 12:6இல் இரண்டு காசுக்கு ஐந்து. ஒரு காசுக்கு இரண்டென்றால் இரண்டு காசுக்கு நான்குதானே வரவேண்டும், ஐந்தாவது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கடைக்காரர் கொசுறாகப் போட்டது என்று யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும். அந்தக் குருவியின் விலை என்ன என்று கேட்டு, "ஒன்றுமில்லை" என்று அவர்கள் சொல்லும்வரை பொறுத்திருங்கள். பிறகு லூக்கா 12:6இன் பிற்பாதியை ஒரு பிள்ளையை எழுந்து வாசிக்கச் சொல்லுங்கள்: "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை."