வாழ்த்து அட்டை செய்யும்போது வரும் சந்தேகங்கள்

கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. நாகர்கோவிலில் சனிக்கிழமைதோறும் கூடி அட்டை செய்யும் நம் குழுவினர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாள்தான் வாங்கினேன். மடித்தால் மடிப்பில் வெடித்து வெள்ளை தெரிகிறது. (தக்கலை)

தாளில் குறையில்லை, மடிப்பின் திசையைப் பாருங்கள். நார்கள் பெரும்பாலும் ஒரே போக்கில்தான் கிடக்கும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பார்த்து, எப்படி எளிதாக வளைகிறதோ அப்படியே மடியுங்கள். அதற்கு முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி ஒரே இழுப்பாக இழுத்தால் பள்ளம் விழும். பள்ளம் அட்டைக்கு வெளிப்பக்கம், பின்னால் எழும் மேடு உட்பக்கம் இருக்க வேண்டும். நம்மில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகத்தான் மடிக்கிறோம்.

தபாலில் அனுப்ப எந்த அளவு நல்லது? (குளச்சல்)

முழு ஏ4 தாளை இரண்டாக மடிக்காதீர்கள். 16 ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அப்படியானால் 300 ஜிஎஸ்எம் தாள் ஒன்றே ஏறக்குறைய 19 கிராம். உள்நாட்டுக் கடிதத்துக்குத் தபால் கட்டணத்தின் முதல் படி 20 கிராம் வரைதான். கவரும் சேர்ந்தால் தாண்டிவிடும். ஏ4-ஐப் பாதியாக வெட்டி மடித்தால் அட்டை 9 கிராம் சொச்சம், அலங்காரத்துக்கும் இடமிருக்கும். 114 × 162 மில்லிமீட்டர் கவரில் சரியாக உட்காரும். வளைகுடாவில் இருக்கும் அண்ணனுக்கு என்றால் கவுண்டரில் எடை போட்டுத் தபால்தலை ஒட்டுங்கள்.

கன்னியாகுமரியில் வாங்கிய சிப்பியை ஒட்டலாமா?

கையில் கொடுப்பதாக இருந்தால் தாராளமாக. தபாலுக்கு வேண்டாம், கடிதக் கட்டுக்குள் நசுங்கும், கவரையும் கிழிக்கும்.

ஃபெவிகால் போட்டால் அட்டை அப்பளமாகிறதே! (மார்த்தாண்டம்)

அதிலுள்ள தண்ணீரைக் குடித்து ஒரு பக்கம் மட்டும் உப்பிவிடுகிறது. நம் மாவட்டத்து மழை ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பிரஷ்ஷால் மெல்லியதாகத் தடவி, ஒட்டிய கையோடு கனத்த புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி வையுங்கள். பெரிய படத்துக்கு இரட்டைப் பக்க டேப்தான் என் தேர்வு. ஃபேனுக்கு அடியில் காயவைப்பது சுத்த வேண்டாத வேலை.

எங்கள் ஊரில் பூவுக்குப் பஞ்சமில்லை. எதை ஒட்டலாம்? (தோவாளை)

பிச்சியும் மல்லிகையும் காய்ந்தால் பழுப்பாகிவிடும், விட்டுவிடுங்கள். கேந்தியை (செண்டுமல்லி) முழுப் பூவாக அழுத்தினால் நடுவில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். இதழ்களைப் பிரித்தெடுத்து பழைய பேப்பருக்குள் வையுங்கள். முதல் சில நாள் பேப்பரைத் தினமும் மாற்ற வேண்டும். வாடாமல்லி நிறம் விடாது, ஆனால் உருண்டை. இதழைப் பிய்த்தே ஒட்ட வேண்டும். என்னைக் கேட்டால், கிணற்றுச் சுவரில் முளைக்கிற பெரணி இலைக்கு ஈடில்லை. இயல்பிலேயே தட்டை, சீக்கிரம் காயும்.

பனையோலையில் நட்சத்திரம் வெட்டினேன், பசை நிற்கவில்லை.

ஓலை வழுவழுப்பு. ஊசி நூலால் இரண்டு தையல் போடுங்கள், பார்க்கவும் அழகு.

பிள்ளைகளுக்கு எளிதாக ஒன்று சொல்லுங்கள், அக்கா.

முற்றல் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரம் கிடைக்கும். கொழகொழப்பைத் துணியால் ஒற்றி, சற்று உலரவிட்டு, போஸ்டர் கலரில் தொட்டுப் பதிக்கச் சொல்லுங்கள். கலரைத் தட்டில் ஊற்றாதீர்கள். நனைத்த ஸ்பஞ்சில் தடவிக் கொடுத்தால் அப்பாமல் பதியும். கீழே பழைய பேப்பர் விரிக்க மறந்தால் அம்மாமாருக்குத்தான் வேலை.