சமபந்தியில் உட்காராமல் பார்சல் வாங்கிப் போகிறார்கள் என்ற கேள்விக்கு

பார்சலை நிறுத்தாதீர்கள், சமையலைப் பிரித்துக் கொடுங்கள். கோத்தகிரியில் ஊர்க்காரர்களே முழுக்கச் சமைத்து, எஸ்டேட் லைன் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) குடும்பங்களை அழைத்ததாகவும், அவர்கள் உட்காராமல் பார்சல் வாங்கிப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் அதுதான். கரண்டி ஒரே பக்கம் இருந்தால் மற்றவர்களுக்கு அது விருந்தாகத் தெரியாது, அன்னதானமாகத்தான் தெரியும்.

முதல் நாள் மாலை காய் நறுக்கவே இரு பக்கத்தாரையும் கூப்பிடுங்கள். சாம்பார் ஒரு பக்கம், பொரியல் இன்னொரு பக்கம். பரிமாறுவது ஜோடியாக, பக்கத்துக்கு ஒருவர். 100 பேருக்கு 10 கிலோ அரிசி, 3 கிலோ துவரம்பருப்பு போதும். கோத்தகிரி மலை உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். திறந்த அண்டாவில் பருப்பு லேசில் குழையாது, குக்கரில் வேக வையுங்கள். பந்தி தாமதமானால் முதலில் எழுந்து போவது தயங்கித் தயங்கி வந்தவர்கள்தான்.

காய் நறுக்க லைனிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று பாருங்கள். யாருமே வராவிட்டால் பந்தியைத் தள்ளிப்போட்டு, முதலில் நீங்கள் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ஒன்று மட்டும்: அங்கே டீக்கடையில் சாதி பார்த்துத் தனி டம்ளர் இருந்தால் அதை விருந்து வைத்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படியே அது குற்றம், புகார் கொடுங்கள்.