ஊசி குத்தியதால் பரவியதா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. மூன்று மாதமாக இருமல், முதுகுவலி. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புற்றுநோய். அடுத்த வாரம் எடுத்த ஸ்கேனில் முதுகெலும்பிலும் இருக்கிறதாம். "ஊசி குத்தினதாலதான் பரவிடுச்சு" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். சம்மதக் கையெழுத்துப் போட்டது நான். டாக்டர் 'எக்ஸோசோம்' என்று ஏதோ சொன்னார், புரியவில்லை.
– ஒரு வாசகி, தேனி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தையே திரும்பப் படியுங்கள். முதுகுவலி மூன்று மாதமாக இருக்கிறது. ஊசி குத்தியது ஸ்கேனுக்கு ஒரு வாரம் முன்புதான். எலும்பு ஒரே வாரத்தில் இப்படி அரிக்காது. உங்கள் கையெழுத்தால் எதுவும் பரவவில்லை. இப்படிச் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி செய்திராவிட்டால் எந்த மருந்து கொடுப்பது என்றே தெரிந்திருக்காது. புற்றுநோய் வார்டில் இருபது வருடமாக இருக்கிறேன். இதே குற்ற உணர்வோடு என் அறை வாசலில் நின்ற பிள்ளைகள் எத்தனையோ பேர்.

சரி, எக்ஸோசோம். நம் செல்கள் வெளியே விடும் நுண்ணிய பை அது. அளவு 30 முதல் 150 நானோமீட்டர். 1980களில் ஆட்டின் இளம் சிவப்பணுக்களில் அதைக் கண்டபோது, செல் குப்பை கொட்டும் பை என்றுதான் நினைத்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சேதியும் அதற்குள் இருக்கிறதென்று.

எலும்பில் கரைக்கும் செல்லும் உண்டு, கட்டும் செல்லும் உண்டு. நுரையீரல் புற்று அனுப்பும் பைகளில் ஆம்பிரெகுலின் என்ற புரதம், மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்.என்.ஏ.-21 என்ற சிறு துணுக்கு போன்றவை இருக்கின்றன. கரைக்கும் செல்களை இவை முடுக்கிவிடுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். எலும்பு கரையும்போது அதில் சேர்ந்திருந்த வளர்ச்சிப் பொருள்கள் கசியும். அதில் புற்று கொழுக்கும், எலும்பை மேலும் கரைக்கும். நாற்று வருமுன்பே வயலைச் சேறடித்து வைக்கிற வேலைதான். லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889இலேயே 'விதையும் மண்ணும்' என்று சொன்னார்: புற்றுச் செல் விதை, அது போய் முளைக்கும் உறுப்பு மண். மண்ணை யார் பண்படுத்துகிறார்கள் என்பது இப்போதுதான் விளங்கி வருகிறது.

இந்தப் பைகளைத் தடுக்கும் மருந்து இன்னும் சிகிச்சைக்கு வரவில்லை. ஆனால் கரைக்கும் செல்லை அடக்க ஜோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் ஊசிகள் உண்டு. அப்பாவுக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். தாடை எலும்பைப் பாதிக்கக்கூடும் என்பதால், தொடங்குமுன் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வலி தாங்க முடியாவிட்டால் கதிர்வீச்சு நன்றாகக் கேட்கும்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். அப்பாவுக்குக் கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் பிரியாமல் நின்றாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்கும் அறிகுறி அது. அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.