பிஜன்ஹோலில் புறா எங்கே?

கேள்வி: ஓர் ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கி வருகிறேன். ஓரிடத்தில் அலுவலகத்துக்கு ‘பிஜன்ஹோல்’ அலமாரி வாங்கினார்கள் என்று வருகிறது. இன்னோரிடத்தில் ஒரு திட்டத்தையே ‘பிஜன்ஹோல்’ செய்துவிட்டார்களாம். இரண்டுக்கும் ‘புறாப்பொந்து’ என்று போடலாமா?

பதில்: போட்டுவிடாதீர்கள். படிக்கிறவர் அந்த அலுவலகத்தில் புறா தேடுவார்.

ஆனால் புறாவில் தொடங்கிய சொல்தான் இது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்தின் பழைய பண்ணை வீடுகளில் புறா அடைய என்றே தனிக் கட்டடம் இருக்கும். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் சுவர் முழுக்க வரிசை வரிசையாகக் குழிகள். இறைச்சிக்காக வளர்த்தவை, குஞ்சு பறக்கப் பழகும் முன்பே எடுத்துவிடுவார்கள். அந்தக் குழிகளுக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பெயர் உண்டு. அடுத்த நூற்றாண்டில், எழுதுமேசையில் கடிதமும் ரசீதும் செருகிவைக்கச் செய்த சிற்றறைகளும் பார்க்க அதே மாதிரி இருந்ததால் பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்துப் போடும் கட்டம் கட்டமான அலமாரியும் இந்த வகைதான். ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் தங்கள் கடிதச் சிற்றறையைச் சுருக்கமாக ‘பிட்ஜ்’ என்பார்கள்.

நம்மிடம் விளக்கு வைக்கும் மாடம் இருக்கிறது, மாடப்புறாவும் இருக்கிறது. நாம் மாடத்தை வைத்துப் பறவைக்குப் பெயர் சூட்டினோம். அவர்கள் பறவையை வைத்துக் குழிக்கு.

சரி, திட்டத்துக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் இது வினைச்சொல்லாகவும் ஆனது. அறையில் செருகிய காகிதத்தை யாரும் எடுக்காவிட்டால் அது அங்கேயே கிடக்கும். ‘கிடப்பில் போட்டார்கள்’ என்று நாம் சொல்வது அச்சாக இதுவே. வேறு சொல் தேட வேண்டாம். ஆளைச் சொல்லும்போது பொருள் மாறும். ஒரு நடிகரைக் காமெடிக்கு மட்டும்தான் லாயக்கு என்று ஒதுக்கினால், அது ‘முத்திரை குத்துவது’. அலமாரியைத் ‘தடுப்பறை அலமாரி’ என்று எழுதலாம்.

அப்புறம், கணிதப் புத்தகம் எதையாவது மொழிபெயர்க்க நேர்ந்தால் அங்கே மட்டும் புறாவை விரட்டாதீர்கள். கூடுகளைவிடப் புறாக்கள் அதிகம் என்றால், ஏதோ ஒரு கூட்டிலாவது இரண்டு புறா இருந்தே தீரும் என்பது ‘பிஜன்ஹோல்’ விதி. 13 பேர் கூடினால் இருவராவது ஒரே மாதத்தில் பிறந்தவர்களாக இருப்பார்கள். 1834இல் இந்த விதியைக் கையாண்ட ஜெர்மன் கணித அறிஞர் டிரிஷ்லே பெயரிலும் இது வழங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், ஜெர்மன் மொழியில் இதன் வழக்கமான பெயரில் புறா கிடையாது, மேசை இழுப்பறைதான்.